நகவெட்டியும் பதினொரு வருட வேதப்படிப்பும்

எங்கள் வேதப்படிப்பு வகுப்பு வியாழக்கிழமை பின்னேரங்களில் நடக்கும். கல்முனையில் எங்கள் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற சின்ன மண்டபம்தான் இடம். பக்கத்துப் பள்ளிவாசலில் பின்னேரத் தொழுகைக்கான அசர் பாங்கு சொல்லி முடிந்ததும் நான் வீட்டில் சட்டையை மாற்றத் தொடங்குவேன். நாலு மணிக்கு மண்டபத்தைத் திறப்பேன். வகுப்பை நடத்துகிறவன் நான்தான். பதினொரு வருடங்களாக நடத்துகிறேன். யாரும் என்னை நியமித்ததாக ஞாபகம் இல்லை. முன்பு நடத்திய ஐயா மகளோடு இருக்கக் கனடா போனார். அடுத்த வியாழக்கிழமை அவருடைய கதிரையில் நான் இருந்தேன். எவரும் எழுப்பிவிடவில்லை.

அப்போது நான் ஓர் அரசாங்க அலுவலகத்தில் இலிகிதர். இப்போது ஓய்வுபெற்றவன். முப்பது வருடம் கோப்புகளோடு வாழ்ந்தவனுக்கு வேதாகமமும் ஒரு பெரிய கோப்பாகத்தான் தெரிந்தது. அதை நன்றாகப் பராமரித்தேன். வாக்குறுதிகளுக்குப் பச்சைக் கோடு, எச்சரிக்கைகளுக்குச் சிவப்பு, கட்டளைகளுக்கு நீலம். என் வேதாகமத்தைத் திறந்தால் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்குக் கொடி கட்டியது போலிருக்கும். நீலம்தான் கூட. அந்த நீலக் கோடுகளில் ஒன்றையாவது செய்தாயா என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. எங்கள் வகுப்பில் அப்படிக் கேட்கிற பழக்கம் இல்லை. நாங்கள் மரியாதையான மனிதர்கள்.

ஆனால் படிப்பதில் எங்களை யாரும் குறை சொல்ல முடியாது. மனதுருக்கம் என்ற ஒரு சொல்லை மட்டும் இரண்டு மாதம் படித்திருக்கிறோம். மூல கிரேக்கத்தில் அந்தச் சொல் குடலோடு சம்பந்தப்பட்டது, குடல் கலங்குவதுதான் மனதுருக்கம் என்று நான் ஒருநாள் அறிவித்தபோது வகுப்பே தலையை ஆட்டிக் குறிப்பெடுத்தது. அன்று வெளியே வந்தபோது, வாசலில் கைக்குழந்தையோடு உதவி கேட்டு நின்ற ஒரு பெண்ணைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் எல்லோரும் ஓட்டோ பிடித்தோம். என் குடல் ஒரு சத்தமும் போடவில்லை. வீட்டுக்குப் போய் இடியப்பம் சாப்பிட்டேன்.

வகுப்பில் நாங்கள் ஏழு பேர். என்னைவிட முக்கியமானவர் ரீச்சர். ஓய்வுபெற்ற அதிபர். பாடசாலையை விட்டு எட்டு வருடமாகியும் ஊரில் நடுத்தர வயது ஆண்கள்கூட அவரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். வகுப்பின் செயலாளர் அவர்தான். ஒவ்வொரு வகுப்புக்கும் அறிக்கை எழுதுவார். யார் வந்தார், யார் பிந்தினார், எந்த அதிகாரம், எந்த வசனம், யார் ஜெபித்தார், எல்லாம் அதில் இருக்கும். பரலோகத்தில் புத்தகங்கள் திறக்கப்படும் நாளில் எங்கள் சபைப் பகுதிக்கு அவருடைய கையெழுத்துப் பிரதியே போதுமென்று நான் நினைத்ததுண்டு. அடுத்து என் மனைவி. கடைசி வரிசையில் இருப்பாள். தேத்தண்ணி ஊற்றுவாள். ஒன்றும் கதைக்க மாட்டாள். பாடம் அவளுக்கு விளங்கவில்லை என்றுதான் நான் பதினொரு வருடமும் நம்பியிருந்தேன்.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோதுதான் எங்கள் சபைக்குப் புதிய போதகர் மாறி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மட்டக்களப்புப் பக்கம். வந்த முதல் வியாழக்கிழமையே வகுப்புக்கு வந்து பின்னால் இருந்தார். நான் அன்று வழமையைவிட நன்றாக நடத்தினேன். இரண்டு மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டேன். கிரேக்கத்தை மூன்று தடவை தொட்டேன். முடிந்ததும் அவர் எழும்பி, மிகவும் பணிவாகக் கேட்டார்.

"நல்லாப் படிக்கிறீங்க அண்ணன். சரி, வாற கிழமைக்குள்ள இதில எதைச் செய்யப்போறம்?"



"செய்யிறதெண்டா?" என்று கேட்டார் ரீச்சர்.

"செய்யிறதுதான் ரீச்சர். படிச்சதில ஒண்டை எடுத்துச் செய்வம். செய்துபோட்டு வந்து என்ன நடந்ததெண்டு கதைப்பம். பிறகு அடுத்த பாடத்துக்குப் போவம்."

ரீச்சர் அறிக்கைப் புத்தகத்தைப் புரட்டினார். இதற்கு அதில் ஒரு பத்தி இல்லை.

மரியாதைக்காக ஒத்துக்கொண்டோம். எதைச் செய்வது என்ற ஆராய்ச்சியில் அடுத்த இரண்டு வியாழக்கிழமைகள் போயின. சத்துருக்களைச் சிநேகிக்கச் சொல்லியிருக்கிறது; ஆனால் விசாரித்ததில் எங்களில் ஒருவருக்கும் சத்துருக்களே இல்லை என்று தெரியவந்தது. வேலிப் பிரச்சினையில் பதினான்கு வருடமாக அண்ணனோடு கதைக்காத ஒருவர்கூட, அது சத்துரு இல்லை, சொந்தம் என்றார். உள்ளதை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்ற இடத்தை நானே விளக்கினேன். அது அந்தக் காலத்தில் அந்த ஒரு மனிதனுக்குச் சொன்னது, நாம் அதை ஆவிக்குரிய விதமாக எடுக்க வேண்டும் என்றேன். ஆவிக்குரிய விதம் என்பது எவ்வளவு வசதியான விதம் என்று அன்று எல்லோர் முகத்திலும் தெரிந்தது. சிறையில் இருப்பவர்களைப் பார்க்கப் போகலாமென்றால் அனுமதிக் கடிதம் வேண்டும், கடிதத்தை எந்த மொழியில் எழுதுவது என்ற கேள்வி வந்தது. கடைசியில் நோயாளிகளைப் பார்ப்பது என்று முடிவாகியது. காரணம் வெளிப்படை. ஆஸ்பத்திரி நடந்துபோகிற தூரம். பார்வையாளர் நேரம் ஒரு மணித்தியாலம்தான். அதற்குமேல் நிற்க அவர்களே விடமாட்டார்கள்.

பிறகு ஆயத்தங்கள். தோடம்பழமா அப்பிளா என்று ஒரு நாள் கதைத்தோம். வசனம் அச்சடித்த சிறு அட்டை கொடுக்கலாம் என்றார் ரீச்சர். ஒரு பதாகை அடிக்கலாம் என்றேன் நான். பதாகை வேண்டாம் என்று போதகர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். அது எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான்.

ஒரு புதன்கிழமை நண்பகல் ஆறு பேர் போனோம். போதகருக்கு அன்று வேறிடத்தில் ஒரு மரண வீடு. என் மனைவி வரவில்லை. "ஆறு பேர் போய் ஒரு கட்டிலைச் சுத்தி நிண்டா நோயாளிக்கு மூச்சு முட்டும்" என்று சொல்லிவிட்டாள். எங்கள் சபையைச் சேர்ந்த நோயாளிகளைத்தான் பார்ப்பதாக எண்ணம். ஆனால் அந்தக் கிழமை பார்த்து எங்கள் சபையில் ஒருவரும் நோயில் விழவில்லை. ஒரு நல்ல காரியத்துக்குக்கூட ஒத்துழைப்பு இல்லை. எனவே யாரும் பார்க்க வராத நோயாளி யாராவது இருக்கிறார்களா என்று ஆண்கள் வாட்டில் இருந்த நேர்ஸிடம் கேட்டோம். அவர் யன்னலோரக் கட்டிலைக் காட்டினார்.

எழுபது வயதைத் தாண்டிய ஒரு முஸ்லிம் பெரியவர். வரிப்பத்தான்சேனையில் வயல் செய்கிறவர். கல்முனைக்கு ட்ரக்டர் சாமான் ஒன்று வாங்க வந்த இடத்தில், பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கால் தவறி விழுந்து எலும்பு முறிந்துவிட்டது. ஒரு கால் தொடை வரைக்கும் பிளாஸ்டர் கட்டுக்குள் இருந்தது. மனைவி இல்லை. ஆண்பிள்ளைகள் இரண்டு பேரும் கட்டாரில். மகள் பிள்ளை பெற்றுப் பத்து நாள். மருமகன் அறுவடைக்குள் ஓடிக்கொண்டு, இடைக்கிடை பின்னேரத்தில் வந்து போகிறார். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று நாங்கள் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. சொல்லத்தான் போயிருந்தோம்.

"வாங்க, வாங்க. இரிங்க" என்றார் அவர். இருக்க ஒரேயொரு ஸ்டூல்தான் இருந்தது. அவருக்கு முன்னால் சோற்றுத் தட்டு அப்போதுதான் வந்திருந்தது. ரீச்சர் நாங்கள் யார், எங்கிருந்து வருகிறோம், ஏன் வருகிறோம் என்று ஒரு சிறு உரை நிகழ்த்தினார். பிறகு நான், எங்கள் ஊரில் முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி, "காக்கா, உங்களுக்காக ஜெபம் பண்ணலாமா?" என்று கேட்டேன்.

"துஆதானே. கேளுங்க தம்பி. ஆர் கேட்டாலும் நல்லதான்."

நான் கண்ணை மூடினேன். ஆறு பேருக்கு முன்னால், ஒரு முழு வாட்டுக்கு முன்னால் ஜெபிக்கிற சந்தர்ப்பம் எனக்கு அடிக்கடி கிடைப்பதில்லை. படைப்பிலிருந்து தொடங்கினேன். வைத்தியர்கள், தாதிமார், நாட்டின் தலைவர்கள், மத்திய கிழக்குச் சமாதானம் எல்லாவற்றையும் சுற்றிவந்து அவருடைய காலுக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் எடுத்தது. கண்ணைத் திறந்தபோது அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோற்றுக்கு மேல் இருந்த பருப்பு ஆடை கட்டியிருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். "நோயாளியப் பாக்க வாறது எங்கடத்திலயும் பெரிய நன்மதான் தம்பி. ஆனா கனநேரம் நிக்கப்படா எண்டு சொல்லுவாங்க." ஒருவரையும் நோகடிக்காத குரல். ஒரு பிடி சாப்பிட்டுவிட்டு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "வந்த வாக்கில எனக்கு ஒரு சின்ன உதவி செய்வீங்களா? கால் நகம் வளந்து போர்வையில கொழுவுது. குனிய ஏலா. ஆராவது வெட்டிவிடுவீங்களா?"

நாங்கள் ஆறு பேரும் அவருடைய கால்களைப் பார்த்தோம். ஐம்பது அறுபது வருடம் சேற்றில் நின்ற கால்கள். நகங்கள் தடித்து, மஞ்சள் பிடித்து, ஒன்றிரண்டு வளைந்து சதைக்குள் இறங்கியிருந்தன. பிளாஸ்டர் போட்ட காலின் விரல்களும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. இவ்வளவு நேரமும் கைகோர்த்து நின்றவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கைகளில் வேறு வேலை வந்தது. ஒருவர் தோடம்பழங்களை அடுக்கினார். ஒருவர் போனைப் பார்த்தார்.

"நகவெட்டி கொண்டுவரல்லியே" என்றார் ரீச்சர். பட்டியல் போட்டு ஆயத்தம் செய்த மனுஷி. அது பட்டியலில் இல்லை.

வாய்க்கு வந்ததை நான் சொன்னேன். "நாளைக்கு நான் கொண்டு வாறன் காக்கா."

அது அந்த இடத்திலிருந்து வெளியேறுவதற்கான வழி. எங்கள் ஊரில் அப்படி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறோம். கேட்கிறவரும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார். அவர் மட்டும் என் முகத்தை நேராகப் பார்த்து, "ஓம் தம்பி, நாளைக்கு வாங்க" என்றார்.

அவரோடு நின்று ஒரு படம் எடுக்கலாமா என்று எங்களில் ஒருவர் கேட்டார். "வேணாம் மகன், புள்ள கண்டா பயந்திருவா" என்றார். அதனால் ஆஸ்பத்திரி வாசலில் நாங்கள் ஆறு பேரும் எங்களையே படம் எடுத்தோம். நோயாளி இல்லாமல் அந்தப் படம் இன்னும் துப்புரவாக வந்திருந்தது. சபையின் வட்ஸ்அப் குழுவில் அன்று பின்னேரத்துக்குள் நாற்பது பேர் கைகூப்பிவிட்டார்கள்.

மறுநாள் வியாழக்கிழமை. வகுப்பு நாள். நோயாளிகளைச் சந்திப்பது பற்றிய பாடத்தை நான் ஆயத்தம் செய்ய வேண்டியிருந்ததால் நோயாளியைச் சந்திக்க நேரம் கிடைக்கவில்லை. நண்பகல் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த மனைவி, திறந்து கிடந்த என் வேதாகமத்துக்கு மேல் எதையோ வைத்துவிட்டுப் போனாள். பார்த்தால் நகவெட்டி. நான் அதை எடுத்து மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டுக் குறிப்பெழுதினேன்.

அன்று வகுப்பு மிக நன்றாக நடந்தது. ரீச்சர் அறிக்கை வாசித்தார். ஆறு பேர் ஒரு நோயாளியைச் சந்தித்தது, ஊக்கமான ஜெபம் ஏறெடுக்கப்பட்டது, நோயாளி மகிழ்ச்சி தெரிவித்தது எல்லாம் அதில் இருந்தன. கைதட்டினார்கள். போதகரும் தட்டினார். பிறகு, "நோயாளி ஏதும் கேட்டவரா?" என்றார்.

ரீச்சர் அறிக்கைப் புத்தகத்தை மூடினார். கடைசி வரிசையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "நகம் வெட்டிவிடக் கேட்டவராம். இவர் இண்டைக்கு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தவர்."

பதினொரு வருடத்தில் அவள் வகுப்பில் கதைத்த முதல் வசனம் அதுதான்.

"வெட்டினீங்களா அண்ணன்?" என்று கேட்டார் போதகர்.

"இல்ல. பாடம் ஆயத்தம் பண்ண வேண்டியிருந்தது."

அவர் ஏதாவது சொல்லியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். பதிலுக்குச் சொல்ல வசனங்கள் இருந்தன. அவரோ தலையை மட்டும் ஆட்டிவிட்டு, இன்றைக்கு ஜெபத்தோடு முடிப்போம் என்றார். அன்று நான் ஜெபிக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு, சட்டைப்பையில் நகவெட்டியோடு வாட்டுக்குள் போனேன். அவருடைய கட்டிலருகே முப்பது வயதுள்ள ஒருவர் நின்றார். மருமகன். என்னைக் கண்டதும் பெரியவர், "இந்தா வந்திட்டார். நான் சொன்னன்தானே" என்றார். மருமகன் என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"நேத்து நான் வந்தநேரம் நகத்த வெட்டப்போனன். மாமா விடல்ல. ஒரு கிறிஸ்தவத் தம்பி வாறன் எண்டு சொன்னவர், நீ வெட்டிப்போட்டா அவர் வந்து ஏமாந்து போவார் எண்டுட்டார்."

அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மாமாவின் பிடிவாதத்தைப் பற்றிய ஒரு பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நேத்துப் பின்னேரம் எனக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். என் முகம் சுட்டது. கிரேக்கத்தில் குடல் என்று சொல்லிக்கொடுத்தது எந்த இடத்தில் இருக்கிறது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இனி நகம் வெட்டியதைப் பற்றி. நான் ஏதோ பெரிய ஆவிக்குரிய அனுபவத்தை எதிர்பார்த்திருந்தேன் என்பதை மறைக்கவில்லை. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. என் நகவெட்டி முதல் நகத்திலேயே வாயைப் பிளந்துகொண்டது. அந்த நகங்களை வெட்டுவதற்கு வேலி வெட்டுகிற கத்தரிதான் சரி. மருமகன் எங்கோ போய் ஒரு பேசினில் இளஞ்சூடான தண்ணீர் கொண்டுவந்தார். நல்ல காலை ஊறவைத்தோம். கட்டுப்போட்ட காலின் விரல்களை ஈரத் துணியால் சுற்றி வைத்தோம். நேர்ஸ் ஒரு பலமான கத்தரிக்கோல் தந்தார். சதைக்குள் இறங்கியிருந்த இரண்டையும் நான் தொடக்கூடாது, அவை தன்னுடைய வேலை என்றார். அதற்கு நான் மனதுக்குள் மிக ஊக்கமாக நன்றி சொன்னேன். மீதி எட்டும் எனக்கு. முக்கால் மணித்தியாலம் குனிந்திருந்ததில் என் இடுப்பு விட்டுப்போனது. வாசனையைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

அவர் ஒரு பக்கம் கதைத்துக்கொண்டே இருந்தார். வெள்ளாமை இந்த முறை பரவாயில்லை, ஆனால் வயல் வட்டைக்குள் பன்றி இறங்குகிறது, வரம்பை உழக்குகிறது என்றார். பிறகு என்னைக் கேட்டார்.

"தம்பி என்ன செய்யிறீங்க?"

"பென்சன் எடுத்திட்டன் காக்கா. இப்ப வேதம் படிக்கிறம், ஒரு வகுப்பா."

"நல்லம். எத்தின வரிசமா?"

"பதினொரு வரிசம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "இன்னம் முடியல்லியா?"

உண்மையாகவே அக்கறையோடுதான் கேட்டார். பக்கத்துக் கட்டிலில் கைமுறிந்து கிடந்தவர் சிரித்த சிரிப்பில் அவருடைய கட்டிலே ஆடியது.

அடுத்த நாளும் போனேன். ஏன் என்று கேட்டால், வரும்போது அவர், "நாளைக்கு வரக்குள்ள பேப்பர் ஒண்டு கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். இந்த மனிதரிடம் நாளைக்கு என்ற சொல்லை இனி விளையாட்டாகச் சொல்ல முடியாது. அதற்கடுத்த நாள் சுடுதண்ணிப் போத்தல் நிரப்ப வேண்டியிருந்தது. அதற்கடுத்த நாள் மகளுக்குப் போன் எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு சின்ன வேலை. ஜெபம் செய்யச் சொல்லி அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. செய்தேன், வீட்டில், இரண்டு வரியில்.

நல்லவனாக இருப்பதில் எனக்குப் பழக்கம் போதாது. ஒரு கிழமை போனதும் அது தலைக்கேறிவிட்டது. அவருடைய சிறு அலுமாரியை என் அலுவலக மேசைபோல ஒழுங்குபடுத்தினேன். அவர் சாப்பிட்ட பிடிகளை எண்ணினேன். ஒருநாள் மகளின் போன் வந்தபோது அவர் நித்திரை. நான் எடுத்து, அந்தப் பிள்ளை கேட்காமலே எல்லாம் சொன்னேன். வாப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை, நோவில் சிலநேரம் அழுகிறார், மெலிந்துபோனார் என்று. பிள்ளை பெற்று மூன்று கிழமையாகாத தாய். மறுபக்கம் ஓவென்று அழுதுவிட்டாள். இப்போதே புறப்பட்டு வருகிறேன் என்று எழும்பியவளை வீட்டில் பிடித்து வைக்கப் பெரும்பாடாம்.

மறுநாள் நான் போனபோது அவர் எழும்பிச் சாய்ந்திருந்தார். இரிங்க என்று சொல்லவில்லை.

"உங்கள நான் நகம் வெட்டத்தானே சொன்னன்? என்ட மகள்கிட்டக் கத சொல்லச் சொன்னனா? நான் சாப்பிடாட்டி அது என்ட வயிறு. அழுதா அது என்ட கண்ணு. பச்சப் புள்ளக்காரிய அழவெச்சிட்டீங்களே!"

வாட் முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான் பேப்பரைக் கட்டிலில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். என் வாழ்நாளில் முதன்முறையாக ஒரு கட்டளையைத் தொடர்ந்து ஒன்பது நாள் செய்திருக்கிறேன், அதற்குக் கிடைத்தது ஏச்சு. வீட்டுக்கு வந்து வேதாகமத்தை விரித்து, ஏற்றுக்கொள்ளாத ஊரை விட்டுப் புறப்படும்போது காலில் படிந்த தூசியை உதறிவிடச் சொன்ன இடத்தைத் தேடி எடுத்தேன். மிகப் பொருத்தமான இடம். இரண்டு நாள் அந்தப் பக்கத்திலேயே இருந்தேன்.

இரண்டாம் நாள் மனைவி வந்து கதவோரம் நின்றாள். "இஞ்ச பாருங்க. முதல் நாள் நீங்க ஆறு பேர் போய்ச் சோத்தை ஆறவெச்ச நேரம் அவர் ஏசினவரா?"

"இல்ல."

"அண்டைக்கு நீங்க விருந்தாளி. விருந்தாளிய ஆரும் ஏசமாட்டாங்க. இப்பதான் உங்களை உரிமையா நினைச்சு ஏசியிருக்கார். பிழை உங்களிலதானே? போய்ச் சொல்லிப்போட்டு வாங்க."

மன்னிப்பைப் பற்றி நான் ஐந்து படிகளில் பாடம் நடத்தியிருக்கிறேன். உணர்தல், அறிக்கையிடுதல் என்று தொடங்கும்; படம் போட்டுக்கூட விளக்கியிருக்கிறேன். அன்று பின்னேரம் கட்டிலருகே நின்றபோது ஒரு படியும் ஞாபகத்துக்கு வரவில்லை.

"காக்கா, நான் செய்தது பிழை."

"ஓம், பிழதான்" என்றார் அவர். ஸ்டூலைக் காட்டினார். "இரிங்க. பேப்பர் எங்க? ரெண்டு நாளா ஒலகத்தில என்ன நடக்குதெண்டு தெரியாமக் கெடக்கன்."

அவ்வளவுதான். அவருக்கு அது முடிந்துவிட்டது. எனக்கு முடிய இன்னும் இரண்டு நாள் எடுத்தது; நான் படித்தவன்.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை நான் பேப்பரோடு போனபோது அந்தக் கட்டிலில் காதுக்குள் வயர் செருகிய ஓர் இளைஞன் படுத்திருந்தான். காலையில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். எனக்கென்று அவர் எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை. செய்தியும் சொல்லவில்லை. நோயாளி சுகமாகி வீட்டுக்குப் போனால் சந்தோசப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் அந்த ஸ்டூலில் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். இளைஞன் ஒரு காதிலிருந்து வயரைக் கழற்றி, "அங்கிள் ஆரப் பாக்க வந்தீங்க?" என்று கேட்டான். பேப்பரை அவனிடம் கொடுத்தேன். விளையாட்டுப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தான்.

வகுப்பில் போதகர் கேட்டபோது நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஏச்சு வாங்கியதையும் சொன்னேன். கைதட்டல் இல்லை. வேலிப் பிரச்சினைக்காரர் மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரீச்சர் உடனே ஒரு திட்டம் போட்டார். கிழமையில் ஐந்து நாள், நாளுக்கு இருவர், ஒரு கையொப்பப் பதிவேடு, இரண்டு பலமான கத்தரிக்கோல். முதல் கிழமை நாலு பேர் கையொப்பமிட்டார்கள். இரண்டாம் கிழமை இரண்டு பேர். மூன்றாம் கிழமை பதிவேடு வரவேயில்லை. ரீச்சரே அதைப் பற்றிப் பிறகு வாய் திறக்கவில்லை. அறிக்கையில் பழையபடி அதிகாரமும் வசனமும் வருகையும் மட்டும் இருந்தன. பார்த்தாயா, பெரிய பேச்சு, திட்டம், கடைசியில் ஒன்றும் இல்லை என்று நான் மனைவியிடம் சொன்னேன். எனக்கு அதில் ஒரு திருப்தியும் இருந்தது. இரண்டு கிழமைக்குமேல் போய்வந்தவன் ஊரில் நான் ஒருவன்தானே.

ஒரு மாதம் கழித்து என் இரத்த அழுத்தத்துக்கு மருந்தெடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். திரும்பும்போது பெண்கள் வாட்டுக்கு வெளியே உள்ள நடைபாதையைக் கடக்க வேண்டியிருந்தது. திறந்த கதவுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது.

"தலையை ஆட்டாம இரி பிள்ளை! இப்படி ஆட்டினா உச்சி எப்பிடி நேராப் போகும்?"

நான் நின்றேன். உள்ளே ரீச்சர். அவருக்கு முன்னால் கட்டிலில் ஓர் இளம்பெண், இரண்டு கைகளிலும் கட்டு. கோமாரிப் பக்கத்து மீனவக் குடும்பமாம், பிறகு விசாரித்தேன். ரீச்சர் வாயில் இரண்டு கிளிப்பைக் கவ்விக்கொண்டு, ஒரு பாடசாலையையே வரிசையில் நிறுத்தும் கண்டிப்போடு அந்தப் பிள்ளைக்குத் தலை வாரிப் பின்னிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைக்கு நோகிறது, சிரிப்பும் வருகிறது. பக்கத்துக் கட்டிலில் இன்னொரு பெண் தன் தலைமுடியை விரித்துவிட்டுக்கொண்டு வரிசையில் காத்திருந்தாள். அன்றைக்கு மட்டும் நடக்கிற காரியமாக அது தெரியவில்லை. வாட்டில் இருந்த எல்லோரும் அவருக்குப் பழகிப்போயிருந்தார்கள். இதைப் பற்றி எந்த அறிக்கையிலும் ஒரு வரிகூட இல்லை.

நான் அங்கே நின்றதை ரீச்சர் கண்டுவிட்டார். ஒரு கணம் அவர் முகம் பிடிபட்ட பிள்ளையின் முகமாகியது. பிறகு கிளிப்புகளை வாயிலிருந்து எடுத்தார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம், விளங்கிச்சா?"

"ஓம் ரீச்சர்."

"சும்மாதானே நிக்கிறீங்க. இந்தப் பிள்ளைட தண்ணிப் போத்தில் வெறுமையாக் கிடக்கு. நிரப்பிக்கொண்டு வாங்க."

போத்தலை வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். அங்கே எனக்கு முன்னால் நாலு பேர் நின்றார்கள்.